பேன்ட் சைஸை நம்பாதீர்கள்

வணக்கம். உயரம் 170 செ.மீ., எடை 65 கிலோ, பிஎம்ஐ (உயரத்துக்கு ஏற்ற எடையா என்று பார்க்கும் கணக்கு) 22.5, பேன்ட் சைஸும் 34தான்; அப்புறம் ஏன் டாக்டர் தொப்பையைக் குறைக்கச் சொல்கிறார் என்று கேட்டிருந்தீர்கள்.

முதலில் பேன்ட் சைஸை மறந்துவிடுங்கள். நானும் அதை நம்பி வருடக்கணக்கில் ஏமாந்தவன். தொப்பை வளர வளர பேன்ட்டைக் கீழே இறக்கிப் போட்டுக்கொள்கிறோம், சைஸ் மட்டும் அப்படியே இருக்கும். தையல் டேப்பைச் சுற்றிப் பார்த்த அன்று எனக்கு 38 அங்குலம் வந்தது!

சட்டையைக் கழற்றிவிட்டு நில்லுங்கள். பக்கவாட்டில் கடைசி விலா எலும்பையும் இடுப்பெலும்பின் மேல் விளிம்பையும் விரலால் தொட்டுப் பாருங்கள். இரண்டுக்கும் நடுவில் டேப்பைத் தரைக்கு இணையாகச் சுற்றி, மூச்சை இயல்பாக வெளியே விட்டதும் அளவைப் பாருங்கள். வயிற்றை எக்கக் கூடாது (மனசு தானாக அதைத்தான் செய்யச் சொல்லும்). டேப் தோலை அழுத்தவும் கூடாது.

தெற்காசியர்களுக்கு இடுப்புச் சுற்றளவின் எல்லை ஆண் என்றால் 90 செ.மீ., பெண் என்றால் 80 செ.மீ. ஐரோப்பிய ஆண்களுக்குச் சொல்லப்படும் 94, 102 நமக்குப் பொருந்தாது. கை கால் ஒல்லியாக இருந்தாலும் குடலையும் ஈரலையும் சுற்றிக் கொழுப்பு சேரும் உடல்வாகு நமக்கு. பிஎம்ஐ அதைக் காட்டாது. இடுப்புச் சுற்றளவு உயரத்தில் பாதிக்குள் இருக்க வேண்டும் என்றும் ஒரு கணக்கு உண்டு. உங்களுக்கு அது 85.

90ஐத் தாண்டினால் வெறும் வயிற்றுச் சர்க்கரை, ட்ரைகிளிசரைடு (ரத்தத்தில் உள்ள ஒரு வகைக் கொழுப்பு), ரத்த அழுத்தம் மூன்றையும் பார்த்துவிட்டு அதே டாக்டரிடம் போங்கள்.