பில்லில் உள்ள திகதியைப் பாருங்கள், டீச்சர்

கேள்வி: கல்லடியில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை நான். சீனி வருத்தம் இருப்பதால் டொக்டர் தினமும் நடக்கச் சொன்னார். கட்டாரில் இருக்கும் மகன் அனுப்பிய காசில், பெப்ரவரி 12ஆம் திகதி மட்டக்களப்பு நகரில் ஒரு கடையில் 18,500 ரூபாவுக்குக் கையில் கட்டும் பிட்னஸ் பேண்ட் வாங்கினேன். ஒரு வருட வாரண்டி. விடிய எழும்பிப் பழைய கல்லடிப் பாலத்தில் நடப்பேன், சில நாள் கடலிலும் குளிப்பேன். ஏப்ரல் 20ஆம் திகதி திரை கறுத்துவிட்டது. அதற்கு முதல் வாரம் நாடித்துடிப்பை 150 என்று காட்டி என்னைப் பயமுறுத்தியது. கடைக்காரர் “தண்ணி போயிருக்கு, வாரண்டி இல்லை” என்று சனத்துக்கு முன்னால் சத்தம் போட்டார். கொழும்புக்கு அனுப்புவதென்றால் ஒரு தாளில் கையெழுத்து வேண்டுமாம். இல்லையென்றால் 5,500 ரூபா கட்டிப் புதியது எடுக்கட்டாம். மன உளைச்சலுக்கு ஐந்து லட்சம் கேட்டு வழக்குப் போடலாமா, அல்லது காசைக் கட்டிப் புதியதை எடுப்பதா?

பதில்: டீச்சர், அவர் சத்தம் போட்டதும் நாடித்துடிப்பைப் பார்த்து நீங்கள் பயந்ததும் உங்களுக்குப் பெரிய விடயங்கள்தான். ஆனால் வழக்குக்கு அவை உதவாது. தோலில் வெளிச்சம் பாய்ச்சி இரத்த ஓட்டத்தைக் கணிக்கும் கருவி அது. பட்டி தளர்ந்தாலே பிழையான எண் காட்டும். மருத்துவத் தேவைக்கு இல்லை என்று கூட வரும் புத்தகத்தில் பெரும்பாலும் எழுதியிருப்பார்கள். ஐந்து லட்சத்தை மறந்துவிடுங்கள்.

எனக்கு முக்கியம் பெப்ரவரி 12 என்ற திகதி. உங்கள் கடிதத்தில் ஏப்ரல் 28 என்று இருக்கிறது, அதனால்தான் மற்றக் கடிதங்களைத் தள்ளிவைத்து இதற்கு முதலில் எழுதுகிறேன். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் 13ஆம் பிரிவின்படி, கொடுத்த வாரண்டிக்கு ஒத்துவராத பொருளைப் பற்றி அதிகாரசபையிடம் முறையிடலாம். விசாரித்துவிட்டு, பொருளை மாற்றிக் கொடுக்கவோ காசைத் திருப்பிக் கொடுக்கவோ நட்டஈடு கட்டவோ உத்தரவிட அவர்களுக்கு அதிகாரம் உண்டு. ஆனால் முறைப்பாட்டை எழுத்தில், விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். கணக்கு விற்ற நாளிலிருந்து ஓடும், பழுதான நாளிலிருந்து அல்ல. உங்களுக்கு அது மே 12ஓடு முடிகிறது.

இதில்தான் ஆட்கள் விழுகிறார்கள். ஏறாவூரிலிருந்து ஒரு தம்பி போன் ஒன்றோடு வந்தார். “சாமான் கொழும்பிலிருந்து வருது, அடுத்த கிழமை வாங்க” என்ற பேச்சை நம்பிக் கடைக்கு நாலு தரம் அலைந்துவிட்டு, நாலாவது மாதம் என்னிடம் வந்தார். “வாரண்டி ஒரு வருஷம்தானே சேர்?” என்று கேட்டார். ஒரு வருட வாரண்டி கடைக்கும் அவருக்கும் உள்ள வாக்கு. மூன்று மாதம் சட்டம் போட்ட எல்லை. வாரண்டி உயிரோடு இருக்கும்போதே முறைப்பாட்டு வழி அடைபட்டுவிட்டது. அப்புறம் இருப்பது சிவில் வழக்கு. இவ்வளவு சிறிய தொகைக்கு முதலில் மத்தியஸ்த சபைக்குப் போய், இணக்கம் வரவில்லை என்ற சான்றிதழ் எடுத்த பிறகுதான் நீதிமன்றம். போன் விலையை விட அலைச்சல் கூட என்று அவர் விட்டுவிட்டார்.

இரண்டாவது குழி, அந்தத் தாள். அதை நான் பார்க்கவில்லை, ஆனால் இப்படியான தாள்கள் நிறையப் பார்த்திருக்கிறேன். ஆங்கிலத்தில் சின்ன எழுத்தில், தண்ணீர் போனது வாடிக்கையாளரின் தவறு என்று ஒரு வரி இருக்கும். அதற்குக் கீழே கையெழுத்து இருந்தால், விசாரணையில் கடைக்காரர் வேறொன்றும் பேசத் தேவையில்லை. கையெழுத்துப் போடத்தான் வேண்டுமென்றால், மேலே உங்கள் கையாலேயே தமிழில் எழுதுங்கள்: “பழுதுக்குச் சொல்லப்பட்ட காரணத்தை நான் ஏற்கவில்லை.” தாளைப் போனில் படம் எடுங்கள். பொருளைப் பெற்றுக்கொண்டதற்கு முத்திரையோடு துண்டு தராமல் பேண்டை விட்டுவிட்டு வராதீர்கள். வெளியே போன் திருத்துபவரிடம் கொடுத்துத் திறக்கவும் வேண்டாம், திறந்துவிட்டால் வாரண்டிப் பேச்சே போய்விடும். கடையின் படத்தைப் பேஸ்புக்கில் போடுவதும் வேண்டாம், நீங்கள் முறைப்பாட்டாளராக இருந்த இடத்தில் அவர் முறைப்பாட்டாளர் ஆகிவிடுவார்.

சரி, உங்கள் பக்கம் எவ்வளவு பலம்? பெட்டியில் 5 ஏடிஎம் என்று போட்டிருக்கிறதா பாருங்கள். இருந்தால், 50 மீற்றர் ஆழத்து அழுத்தத்துக்குச் சோதித்தது என்று சொல்லித்தான் விற்றிருக்கிறார்கள், தண்ணீர் போனதை உங்கள் தலையில் கட்டுவது அவருக்கு லேசில்லை. ஆனால் அந்தச் சோதனை புதுப் பொருளுக்கு, அசையாத நீரின் அழுத்தத்துக்குச் செய்வது. உப்புநீரும் சவர்க்காரமும் சுடுநீரும் ரப்பர் அடைப்பைக் கெடுக்கும். நீங்களோ கடலில் குளித்ததை உங்கள் கடிதத்திலேயே எழுதியிருக்கிறீர்கள். விசாரணையிலும் அதைக் கேட்பார்கள், மறைக்கவும் கூடாது. ஆகவே இது நிச்சயமாக வெல்லும் முறைப்பாடு இல்லை.

அதனால் சமாதானமாகப் போங்கள் என்றே சொல்வேன். 5,500 ரூபாவை அப்படியே ஏற்க வேண்டாம், 3,000க்குத் தரச் சொல்லிக் கேளுங்கள், 4,000இல் நின்றாலும் எடுங்கள். தொகையை விட முக்கியமானது, புதிய பேண்டுக்குப் புதிய திகதியில் புதிய பில்லும் புதிய வாரண்டி அட்டையும். பழைய பில்லின் பின்பக்கத்தில் “மாற்றிக் கொடுக்கப்பட்டது” என்று எழுதித் தந்தால், மூன்று மாதக் கணக்கு பெப்ரவரியிலிருந்தே ஓடுகிறது என்று வாதிடுவார்கள். புதியதைக் கடலுக்குக் கழற்றி வைத்துவிட்டுப் போங்கள். நடந்த அடிகளை எண்ணினால் போதுமென்றால் சட்டைப் பையில் உள்ள போனே எண்ணும், அப்போது அந்த 4,000உம் தேவையில்லை.

பேச்சு நடக்கும்போதே முறைப்பாட்டையும் எழுதி வையுங்கள். மே தினம், வெசாக், வார இறுதி என்று அலுவலகம் பூட்டும் நாட்கள் நடுவில் வரும். மே 8க்குள் கடைக்காரர் புதிய பில் தராவிட்டால், பில், வாரண்டி அட்டை, பெட்டியின் படம் மூன்றின் பிரதிகளோடு அதிகாரசபையின் மாவட்ட அலுவலகத்தில் நேரில் கொடுத்து, உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். இடம் தெரியாவிட்டால் அதிகாரசபையின் 1977 என்ற தொலைபேசி எண்ணுக்கு அழைத்துக் கேளுங்கள். சமாதானம் ஆகிவிட்டால் பிறகு ஒரு கடிதம் கொடுத்து அதைத் திரும்பப் பெறலாம்.