ஐப்பசி பிறக்கும் கிழமை: மட்டக்களப்பு, அம்பாறை வானிலை கேள்வி பதில்

ஒக்டோபர் நடுப்பகுதி. கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று ஓய்ந்துவிட்டது, வாடை என்கிற வடகிழக்குக் காற்று இன்னும் பிடிக்கவில்லை. இந்தக் கிழமைக்கு என் கணிப்பு இதுதான்: காலையில் சுள்ளென்று வெயில், பின்னேரம் இரண்டு மூன்று மணிக்குப் பிறகு மேற்கே முகில் கட்டும், பொழுதுபட இடியோடு மழை. எல்லா நாளும் இல்லை, எல்லா ஊருக்கும் இல்லை. ஒரேமாதிரிக் கேள்விகளைச் சேர்த்துப் பதில் சொல்லியிருக்கிறேன்.

அண்ணன், முந்தநாள் கரடியனாற்றில் கொட்டித் தீர்த்தது. வவுணதீவில் எங்கள் வட்டைக்கு (வயல்வெளிக்கு) தூறல்கூட இல்லை. போனில் 70 வீதம் மழை என்று காட்டியது. இதை எப்படி நம்புவது?

தம்பி, 70 வீதம் என்றால் இதேமாதிரி பத்து நாள் வந்தால் ஏழு நாளில் மழை இருக்கும் என்பதுதான். எவ்வளவு பெய்யும், எத்தனை மணி நேரம் பெய்யும் என்பது அதில் இல்லை. இந்த மாதத்து இடிமுகில் சில கிலோமீற்றர் அகலம்தான். ஒரு வரம்பு நனையும், அடுத்த வயல்கண்டம் காயும். அந்தச் சின்ன முகில் எந்த வயலுக்கு மேலே உடையும் என்று காலையிலேயே சொல்ல எந்தச் செயலியாலும் முடியாது.

நான் வீதத்தைப் பார்ப்பதில்லை. மழை எத்தனை மணிக்கு வருகிறது, எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்ப்பேன். இப்போது மேல்காற்று மேற்கிலிருந்து வருகிறது. ஊவா மலையடிவாரத்தில் பகல் வெக்கையில் எழும்பும் முகிலை அது கிழக்கே தள்ளுகிறது. அதனால் மகா ஓயா, இங்கினியாகல பக்கம் முதலில் நனையும், பிறகு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரை, கடற்கரைப் பக்கமான எழுவான்கரைக்கு வரும்போது இரவாகிவிடும், பாதி நாட்களில் வந்தே சேராது. காற்று வடகிழக்குக்குத் திரும்பினால் கதை தலைகீழ். மழை கடலிலிருந்து வரும், விடியப்புறம் வரும், இடி குறையும், கரையோரம் முதலில் நனையும். மூன்று நாலு நாள் தொடர்ந்து விடியப்புறம் மழை வந்தால் மாரி, அதாவது வடகிழக்குப் பருவமழை, பிடித்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கிழமை அதற்கு அறிகுறி இல்லை.

காக்கா, சம்மாந்துறையிலிருந்து. மேட்டு வட்டையில் மானாவாரிக் காணி. பக்கத்துக் காணிக்காரர் விதைக்கத் தொடங்கிவிட்டார். நானும் இந்த மழையை நம்பி விதை எறியவா?

அவசரப்பட வேண்டாம். புழுதியில் விதைத்த நெல் காய்ந்த மண்ணில் கிடந்தால் பரவாயில்லை, பொறுத்துக் கிடக்கும். ஆபத்து அரைகுறை ஈரத்தில்தான். ஒரு இடிமழை முளைக்க வைக்கும், அப்புறம் ஐந்தாறு நாள் வெயில் முளையைக் கருக்கிவிடும். மண்வெட்டியால் இரண்டு மூன்று இடத்தில் கொத்திப் பாருங்கள். மேலே கறுப்பாக ஈரம் தெரியும், ஒரு விரல் ஆழத்துக்குக் கீழே மண் வெளிறிப் பொடியாக உதிர்ந்தால் அது விதைக்கிற ஈரம் இல்லை. ஒரு சாணுக்குக் கீழேயும் உருட்டினால் உருண்டு வர வேண்டும்.

வாய்க்கால் தண்ணீர்க் காணி என்றால் வானத்தைப் பார்க்கத் தேவையில்லை, போகம் தொடங்குமுன் நடக்கும் ஆரம்பக் கூட்டத்தில் தீர்மானித்த திகதிதான் கணக்கு. வட்டை முழுக்க ஒரே காலத்தில் விதைத்தால் பூச்சியும் குறையும். உங்கள் பக்கத்து வாய்க்கால்களுக்குத் தண்ணீர் தரும் சேனநாயக்க சமுத்திரம் என்ற பெரிய குளத்துக்கு நீர் வருவது ஊவாப் பக்கத்து மழையால், ஆகவே மொனராகலையில் பின்னேர மழை என்று செய்தி வந்தால் உங்கள் வயலில் விழாவிட்டாலும் அது உங்கள் மழைதான்.

பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ வந்தால் மாரி பொய்த்துவிடும் என்கிறார்களே?

இந்தியச் செய்தியைப் பார்த்துப் பயப்படுகிறீர்கள். அங்கே எல் நினோ கெடுப்பது ஜூன் முதல் செப்டம்பர் வரையான மழையை. நமக்கு எல் நினோ ஆண்டுகளில் ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை கூடுதலாகவே இருப்பது வழக்கம், குறைவது ஜனவரிக்குப் பிறகு. அதே கடல் குளிரும் லா நினா ஆண்டில் பெரும்பாலும் மறுவளம். வழக்கம்தான், உத்தரவாதம் இல்லை.

வெள்ளிக்கிழமை கல்லாற்றில் தங்கச்சியின் கலியாணம். வெளியே பந்தல் போடலாமா?

காலை முகூர்த்தம் என்றால் தாராளமாக. இரவு வரவேற்பு என்றால் தகரக் கொட்டகையும், மின்சார வயர் தரையில் கிடக்காத ஏற்பாடும் வேண்டும்.

வாழைச்சேனை. வங்கக் கடலில் தாழமுக்கம் (காற்றழுத்தத் தாழ்வு) என்று செய்தியில் சொல்கிறார்கள். கடலுக்குப் போகலாமா? நமக்கு மழை வருமா?

தாழமுக்கம் என்றாலே நமக்கு மழை என்று நினைப்பது இந்த மாதத்தில் அடிக்கடி பிழைக்கும். ஒக்டோபரில் அது வடக்கே, ஆந்திரா ஒடிசா பக்கம் போனால் மேற்குக் காற்றைத்தான் நம் மேலே இழுக்கும். நமக்கு வெக்கைதான் கூடும். தெற்கு வங்கக் கடலில் தாழ்ந்த அகலாங்கில், அதாவது பூமத்திய ரேகைக்குக் கிட்ட, உருவானால் விழித்துக்கொள்ள வேண்டும். 1978 நவம்பர் 23ஆம் திகதி மட்டக்களப்பைச் சிதைத்த சூறாவளி வந்தது அந்த வழிதான். நவம்பரும் டிசம்பரும்தான் நமக்குச் சூறாவளிக் காலம்.

கடல் இப்போது பொதுவாக அமைதி. ஆனால் இடிமுகில் தலைக்கு மேலே வந்தால் காற்று திடீரென மணிக்கு 70, 80 கிலோமீற்றர் வரை போகலாம் என்று வளிமண்டலவியல் திணைக்களம் சும்மா எழுதுவதில்லை. மேற்கே கரைப்பக்கம் முகில் கறுத்தால் வலையை வாங்கிக்கொண்டு திரும்புங்கள்.

கிரானில் மழையே இல்லாத நாளிலும் புலிபாய்ந்தகல் வீதியில் தண்ணீர் ஏறுகிறது. ஏன்?

மாதுறு ஓயாவும் முந்தனை ஆறும் மேலே பெய்ததைக் கொண்டுவந்து உங்களிடம் சேர்க்கின்றன. மேலே பெய்து கீழே ஏற நேரம் எடுக்கும், அதனால் வெயில் காயும்போது வெள்ளம் வரும். இந்தக் கிழமை அந்த அளவு மழை இல்லை. நவம்பரிலிருந்து உங்கள் ஊர் மழையை விட்டுவிட்டு மேல்பக்க மழையையும் குளத்து வான்கதவு அறிவித்தலையும் கேளுங்கள். அறிவித்தலில் 100 மில்லிமீற்றர் என்று வந்தால் ஒரு ஏக்கரில் நாலு இலட்சம் லீற்றர் தண்ணீர் விழுந்திருக்கிறது என்று அர்த்தம்.

வயல் காவலுக்கு மரத்தில் பரண் கட்டியிருக்கிறோம். இடி நேரம் அதில் இருப்பது ஆபத்தா?

ஆபத்துத்தான், இந்தப் பக்கத்தில் எனக்கு மிகக் கவலை தரும் கேள்வி இது. வெட்டவெளியில் தனியே நிற்கும் உயர்ந்த மரம், அதில் ஆள். மின்னலுக்கு இதைவிட வசதியான இடம் இல்லை. மின்னல் வெட்டியதும் எண்ணுங்கள், மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீற்றர். முப்பதுக்குள் இடி கேட்டால் பத்துக் கிலோமீற்றருக்குள் இருக்கிறது, இறங்கிவிடுங்கள். வயல் வாடிக் குடிசைக்குள் குந்தியிருப்பதும் முழுப் பாதுகாப்பில்லை, சுவர் வைத்த வீடோ மூடிய வாகனமோதான் நல்லது. திறந்த டிராக்டர் கணக்கில் வராது. கடைசி இடி கேட்டு அரை மணித்தியாலம் போகட்டும். பன்றி ஒரு கண்டத்தைத் தின்றால் தின்றுவிட்டுப் போகட்டும்.

வாவி கடலைச் சேரும் முகத்துவாரத்து மணல்மேட்டை இப்போதே வெட்டச் சொல்லிக் கேட்கலாமா?

வாவியில் நீர்மட்டம் இன்னும் கீழேதான். இப்போது வெட்டினால் உப்புத் தண்ணீர் உள்ளே வரும், மீன்பிடிக்காரர் சண்டைக்கு வருவார்கள், அது நியாயமும்கூட. பெரும்பாலும் வயல் தாழும் அளவுக்கு வாவி ஏறிய பிறகுதான் விவசாயிகளையும் மீனவர்களையும் கூப்பிட்டு மாவட்டச் செயலகத்தில் பேசித் தீர்மானிப்பார்கள். இந்தக் கிழமை அந்தப் பேச்சுக்கு வேலை இல்லை. வரம்பில் தண்ணீர் போகும் வக்கடைகளையும் வடிகானையும் துப்புரவாக்கி வையுங்கள், அது இப்போதே செய்யக்கூடியது.