மரகதமா, சிட்டமா? பச்சைக் கல் பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: வணக்கம் ஐயா. வீட்டில் செப்டிக் டேங்க்குக்குக் குழி வெட்டியபோது நாலடி ஆழத்தில் ஒரு பச்சைக் கல் வந்தது. கைக்கு அடங்கும் அளவுதான். டார்ச் அடித்தால் ஓரத்தில் வெளிச்சம் ஊடுருவுகிறது, நடுவில் இருட்டு. ஒரு பக்கம் சாம்பல் நிறத்தில் பொருக்குத் தட்டியிருக்கிறது, அங்கங்கே ஊசி குத்தின மாதிரி ஓட்டைகள். குழி வெட்டியவர் மரகதம் என்கிறார், என் மைத்துனர் வானத்திலிருந்து விழுந்தது என்கிறார். இது என்ன? விற்றால் எவ்வளவு போகும்?
– வாசகர், பரங்கிப்பேட்டை

பதில்: விலையை அப்புறம் பார்ப்போம். மரகதம் இல்லை, வானத்திலிருந்தும் விழவில்லை. உங்கள் கையில் இருப்பது பெரும்பாலும் சிட்டம். இரும்புத்தாதுவை உலையில் உருக்கி இரும்பை எடுத்தபின் மிஞ்சும் கசடு, வேகமாக ஆறும்போது இப்படிக் கண்ணாடியாகிவிடும்.

எப்படி இவ்வளவு துணிந்து சொல்கிறேன் என்றால், கல்லைவிட முதலில் உங்கள் ஊரைப் பார்த்துத்தான். பரங்கிப்பேட்டை வெள்ளாற்று முகத்துவாரத்தில் இருக்கிறது. அங்கே தோண்டினால் வண்டலும் கடல் மணலும்தான் வரும், நாலடியில் பாறை கிடையாது. கூர்மை மழுங்காத ஒரு கல், கைக்கு அடங்கும் அளவில், அந்த மண்ணுக்குள் இருக்கிறது என்றால் ஆறு உருட்டிக்கொண்டு வந்ததில்லை (ஆற்றில் வந்திருந்தால் முனையெல்லாம் தேய்ந்து வழுவழுவென்று இருக்கும்), யாரோ கொண்டுவந்தது, அல்லது அங்கேயே செய்தது.

அங்கேயேதான் செய்தார்கள். ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற ஆங்கிலேயர், கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகத்தை விட்டுவிட்டு, 1830-ல் உங்கள் ஊரில் இரும்பாலை தொடங்கினார். வெள்ளைக்காரர்கள் போர்ட்டோ நோவோ என்று எழுதியது உங்கள் ஊரைத்தான். சேலத்து இரும்புத்தாதுவைக் கொண்டுவந்து, மரக்கரி போட்டு, ஐரோப்பிய பாணி ஊதுலையில் (காற்றை வேகமாக ஊதி, இரும்பைக் குழம்பாகவே உருக்கும் பெரிய உலை) உருக்கினார்கள். அந்த இரும்பு இங்கிலாந்தில் ஷெஃபீல்டு வரைக்கும் போனது. ஆலை கைமாறியது, நொடித்தது, கரிக்கு மரம் கிடைக்காமல் திண்டாடியது, கடைசியில் 1860-களில் நின்றே போனது. முப்பது வருஷத்துக்கு மேல் ஓடிய உலை என்றால், வெளியே கொட்டிய சிட்டம் எவ்வளவு இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். பள்ளம் நிரப்பவும் பாதை போடவும் சிட்டத்தை அள்ளிக்கொண்டு போவது உலகம் முழுக்க உலைகள் இருந்த ஊர்களில் வழக்கம். அதனால் ஆலை இருந்த இடத்திலிருந்து தள்ளியிருக்கும் வீட்டு மனையில் ஒன்று கிடைப்பதில் ஆச்சரியம் இல்லை.

பச்சை நிறம் எங்கிருந்து வந்தது? சேலத்துத் தாது வெறும் இரும்பு இல்லை, மேக்னடைட் என்ற இரும்புக் கனிமமும் குவார்ட்ஸும் மாறி மாறி அடுக்கடுக்காக இருக்கும். குவார்ட்ஸ் என்பது சிலிக்கா, அதாவது கண்ணாடிக்கு மூலப்பொருள். அதை இளக்கி இரும்பிலிருந்து பிரிக்க உலையில் சுண்ணாம்பு சேர்ப்பார்கள். இரண்டும் சேர்ந்து உருகி இரும்புக்குழம்பின் மேல் மிதக்கும், அதை வடித்து வெளியே விடுவார்கள். அதில் கொஞ்சூண்டு இரும்பு தங்கிவிடும், அதுதான் பச்சை. சாதாரண ஜன்னல் கண்ணாடியை ஓரமாகப் பார்த்தால் பச்சையாகத் தெரிகிறதே, அதற்கும் இதே இரும்புதான் காரணம். கொட்டிய சிட்டத்தில் சீக்கிரம் ஆறிய பகுதி கண்ணாடியாகும், மெதுவாக ஆறிய பகுதி மங்கிப்போய்க் கல் மாதிரி ஆகிவிடும். உங்கள் கல்லின் ஒரு பக்கம் பளபளப்பும் மறுபக்கம் சாம்பல் பொருக்கும் இருப்பது அதனால்தான் என்று நினைக்கிறேன். ஊசி ஓட்டைகள் காற்றுக்குமிழ்கள்.

நான் சொல்வதை நம்ப வேண்டாம், நீங்களே பார்த்துவிடுங்கள். நகைக்கடைக்காரர் கண்ணில் வைக்கும் பத்து மடங்கு லென்ஸ் ஒன்று வாங்குங்கள், விலை அதிகமில்லை. கல்லைக் கழுவிக் காயவைத்து, பின்னாலிருந்து போன் டார்ச்சை அடித்து, மெல்லிய ஓரத்தைப் பாருங்கள். உள்ளே உருண்டையான குமிழ்களும், பாகு ஓடினது போன்ற கோடுகளும் தெரிந்தால் அது ஒரு காலத்தில் குழம்பாக இருந்த பொருள், விவகாரம் முக்கால்வாசி முடிந்தது. மரகதத்துக்குள்ளும் கோடுகளும் கீறல்களும் இருக்கும், ஆனால் இப்படி உருண்டைக் குமிழ் இருக்காது. அடுத்து, வெள்ளைக் கூழாங்கல் ஒன்றை, கொங்குப் பக்கம் வெங்கச்சாங்கல் என்பார்களே அந்தக் குவார்ட்ஸை எடுத்து, அதன் கூர்முனையால் உங்கள் கல்லின் ஒரு மூலையில் அழுத்திக் கீறுங்கள். கடினத்தன்மைக்கு மோஸ் என்று ஓர் அளவு உண்டு. அதில் குவார்ட்ஸ் 7, கண்ணாடி ஏறக்குறைய 5.5, மரகதம் 7.5-க்கு மேல். கீறல் விழுந்தால் மரகதம் இல்லை என்பது உறுதி. விழுந்தது கீறலா, கூழாங்கல்லின் பொடி படிந்த கோடா என்று விரலால் துடைத்துப் பார்த்துவிட்டு முடிவுக்கு வாருங்கள், நிறைய பேர் ஏமாறுவது இங்கேதான். கடைசியாக, ஒரு காந்தத்தை நூலில் கட்டி, பொருக்குப் பக்கமாகக் கொண்டுபோங்கள். சிட்டத்துக்குள் சில சமயம் கடுகு மாதிரி இரும்புத் துளிகள் மாட்டிக்கொண்டிருக்கும், அந்த இடத்தில் காந்தம் லேசாக இழுபடும், துருப்பிடித்த புள்ளியும் தெரியலாம். இழுக்காவிட்டால் சிட்டம் இல்லை என்று அர்த்தமில்லை.

சுத்தியலால் உடைத்துப் பார்க்காதீர்கள். தெறிக்கும் சில்லு கண்ணுக்கு ஆபத்து, ஓரங்கள் பிளேடு மாதிரி வெட்டும்.

விலை? ரத்தினச் சந்தையில் இதற்கு விலை கிடையாது. ஸ்வீடனிலும் அமெரிக்காவில் மிச்சிகன் ஏரிக்கரையிலும் பழைய உலைச் சிட்டத்தைப் பட்டை தீட்டி மோதிரத்திலும் பதக்கத்திலும் வைத்து விற்கிறார்கள், அது அந்தந்த ஊர்க்காரர்களின் பிரியம். நீங்களும் விற்காமல் வைத்துக்கொள்ளுங்கள் என்பதுதான் என் ஆசை. எந்த மனையில், எவ்வளவு ஆழத்தில், எந்தத் தேதியில் கிடைத்தது என்று ஒரு சீட்டில் எழுதிக் கல்லோடு சேர்த்து வையுங்கள். அந்தச் சீட்டு இல்லாவிட்டால் நாளைக்கு அது வெறும் பச்சைக் கண்ணாடிதான். சீட்டோடு இருந்தால் பரங்கிப்பேட்டை இரும்பாலையின் சிட்டம் எதுவரை பரவியிருக்கிறது என்பதற்கு ஒரு சாட்சி.

கேள்வி: எங்கள் கொல்லையிலும் சிட்டக்கல் கிடக்கிறது. ஆனால் கறுப்பாக, கனமாக இருக்கிறது. பச்சைச் சிட்டம் என்று நீங்கள் சொல்வது வேறா?
– வாசகி, தருமபுரி மாவட்டம்

பதில்: உலை வேறு. உங்கள் பக்கம் ஊருக்கு ஊர் மண்ணால் சின்ன உலை கட்டி, துருத்தி ஊதி இரும்பு எடுத்தார்கள். அந்த உலையில் இரும்பு குழம்பாக ஓடாது, பஞ்சுபோன்ற கட்டியாகத் தங்கும், தாதுவில் இருந்த இரும்பில் பெரும்பங்கு சிட்டத்தோடேயே போய்விடும். அதனால்தான் கறுப்பு, அதனால்தான் கனம். ஊதுலையில் இரும்பு ஏறக்குறைய முழுதும் பிரிந்துவிடுவதால் சிட்டம் இலேசாகவும் பச்சையாகவும் நீலமாகவும் வரும். உங்கள் கறுப்புச் சிட்டம் வயதில் மூத்ததாக இருக்கலாம், அதோடு பழைய பானை ஓடுகளும் கிடக்கிறதா என்று பாருங்கள். கிடந்தால் தோண்ட வேண்டாம், மாநிலத் தொல்லியல் துறைக்கு ஒரு கடிதம் போடுங்கள்.

கேள்வி: சிட்டம், கண்ணாடி என்று எல்லாவற்றையும் தள்ளிவிட முடியுமா? எங்கள் பக்கம் உழும்போதே கல் கிடைக்கும். என் தோட்டத்தில் கிடைத்த இளம்பச்சைக் கல் ஒன்று ஆறு பட்டையாக இருக்கிறது.
– வாசகர், காங்கேயம்

பதில்: ஆறு பட்டை என்று சொன்னீர்களே, அந்த ஒரு தகவலுக்காகவே உங்கள் கல்லை நேரில் பார்க்க ஆசையாக இருக்கிறது. பரங்கிப்பேட்டைக்காரருக்குச் சொன்ன பதில் உங்களுக்குப் பொருந்தாது. காங்கேயம், கரூர் வட்டாரம் உண்மையிலேயே ரத்தினக்கல் பூமி. காங்கேயம் அருகே படியூரில் பெரில் என்ற ரத்தினக்கல்லை எடுத்தார்கள். அந்தக் கடல்நீல, கடல்பச்சைக் கற்களுக்கு ரோமாபுரியில் பெரும் கிராக்கி இருந்தது. பெரில் இந்தியாவில் விளைகிறது, வேறெங்கும் அரிது என்று முதலாம் நூற்றாண்டிலேயே ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதிவைத்தார். நொய்யல் கரையில் கொடுமணலில் அகழ்ந்தபோது கல்மணி செய்த பட்டறையின் தடயங்கள் கிடைத்தன, பெரில், குவார்ட்ஸ், சூதுபவளம் எல்லாம் அங்கே இருந்தன. மரகதமும் பெரில் குடும்பம்தான், குரோமியமோ வனேடியமோ கலந்தால் அந்த அடர்பச்சை வரும். சேலம் மாவட்டத்தில் சங்ககிரி, எடப்பாடிப் பக்கம் 1990-களில் மரகதம் எடுத்திருக்கிறார்கள், எனவே தமிழ்நாட்டில் மரகதமே இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

உங்கள் கல்லின் பட்டைகள் நீளவாட்டில் நேராக ஓடி, மேல்முகம் தட்டையாக இருந்தால் பெரிலாக இருக்கலாம். பட்டைகள் மேலே கூம்பி ஒரு முனையில் சேர்ந்தால், பட்டைகளின் குறுக்கே மெல்லிய வரிகள் ஓடினால், அது குவார்ட்ஸ். கூழாங்கல் சோதனையைத் தலைகீழாகச் செய்யுங்கள்: உங்கள் கல் குவார்ட்ஸைக் கீறுகிறதா என்று பாருங்கள், கீறினால் பெரில் பக்கம் சாய்கிறது. அப்புறம் ஒரு எச்சரிக்கை: எடை பார்த்துக் கண்டுபிடித்துத் தருகிறேன் என்று யாராவது வந்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பெரிலின் அடர்த்தி 2.7 சுற்றி, குவார்ட்ஸ் 2.65, சிலவகைச் சிட்டமும் அதே இடத்தில் வந்து நிற்கும். வீட்டுத் தராசை வைத்து இவற்றைப் பிரிக்க முடியாது.

கேள்வி: எரிமலைக் கண்ணாடி என்று ஒன்று உண்டாமே, அதுவாக இருக்கக்கூடாதா?
– கல்லூரி மாணவர், திருச்சி

பதில்: அப்சிடியனைச் சொல்கிறீர்கள். மெக்சிகோவில் பச்சூக்கா பக்கம் பச்சை அப்சிடியனே உண்டு, அந்நாட்டுப் பழங்குடிகள் அதில் கத்தி செய்தார்கள். தமிழ்நாட்டில் கிடைக்காது. கண்ணாடி நிரந்தரமான பொருள் இல்லை, கோடிக்கணக்கான வருஷங்களில் மெல்ல மெல்லப் படிகமாகிக் கண்ணாடித்தன்மையை இழந்துவிடும். நம் வடதமிழகத்துப் பாறைகளில் நிறைய 250 கோடி வருஷப் பழசு. அத்தனை காலம் எந்தக் கண்ணாடியும் தாங்காது. ஆகவே இங்கே மண்ணில் கண்ணாடி கிடைத்தால் மனிதக் கையைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்: உலை, வளையல் செய்த இடம், மணி செய்த இடம், பாட்டில் தொழிற்சாலைக் கழிவு. புதுச்சேரிக்குத் தெற்கே அரிக்கமேட்டில் கண்ணாடி மணிகளும் அவற்றைச் செய்த கழிவும் ஏராளமாகக் கிடைத்திருக்கின்றன. அந்தக் கடற்கரை ஓரத்தில் பச்சைத் துண்டு கிடைத்தால் நான் சிட்டத்தை நினைப்பதற்கு முன்பு அதைத்தான் நினைப்பேன்.

கேள்வி: மால்டவைட் என்ற விண்கல்லை ஆன்லைனில் வாங்கினேன். வீட்டுக்கு நல்லது என்றார்கள். அசலா என்று எப்படிப் பார்ப்பது?
– வாசகி, கோவை

பதில்: மால்டவைட் விண்கல் இல்லை. ஏறத்தாழ ஒன்றரைக் கோடி வருஷத்துக்கு முன்பு இன்றைய ஜெர்மனியில் ரீஸ் என்ற இடத்தில் ஒரு விண்கல் மோதியது. மோதிய சூட்டில் பூமி மண் உருகித் தெறித்து, பறக்கும்போதே ஆறி, சில நூறு கிலோமீட்டர் தள்ளி இன்றைய செக் நாட்டில் போய் விழுந்தது. அந்தப் பச்சைக் கண்ணாடிதான் மால்டவைட். இந்தியாவில் அது விழவில்லை, எனவே உள்ளூரில் தோண்டி எடுத்தது என்று விற்றால் பொய். மகாராஷ்டிராவில் இருக்கும் நம் லோனார் பள்ளமும் விண்கல் மோதி உண்டானதுதான், ஆனால் அங்கே பாறை பாசால்ட் என்ற கரும் எரிமலைப் பாறை என்பதால் கண்ணாடியும் கறுப்பு.

உங்கள் கல்லுக்கு எடைச் சோதனை உதவும். டிஜிட்டல் சமையல் தராசில் கல்லை நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு தம்ளர் தண்ணீரைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்கி, கல்லை நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் முழுக்க மூழ்கும்படி தொங்கவிடுங்கள். தராசு காட்டும் எண்ணால் முதல் எடையை வகுத்தால் அடர்த்தி. சின்னக் கல் என்றால் பத்தில் ஒரு கிராம் காட்டும் தராசாவது வேண்டும். மால்டவைட் 2.35 சுற்றி வரும், பாட்டில் கண்ணாடி 2.5 சுற்றி வரும். 2.5 வந்தால் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். 2.35 வந்தாலும் உடனே அசல் என்று வைத்துக்கொள்ள வேண்டாம், லென்ஸில் பாருங்கள். அசலில் குமிழ்களோடு புழு மாதிரி நெளிந்த கண்ணாடி இழைகள் தெரியும், அச்சில் வார்த்த போலியில் மேற்பரப்பு ஈரம் பட்டது போல மினுமினுக்கும்.

கேள்வி: இந்தச் சிட்டக் கண்ணாடியை இடித்துப் பொடியாக்கி மருந்துக்கு, செடிக்குப் போடலாமா? கதிர்வீச்சு இருக்குமா?
– வாசகர், ஆத்தூர்

பதில்: கதிர்வீச்சுப் பயம் டிரினிடைட்டைப் பற்றிப் படித்ததால் வந்திருக்கும். 1945 ஜூலை 16 அன்று நியூ மெக்சிகோ பாலைவனத்தில் முதல் அணுகுண்டைச் சோதித்தபோது மணல் உருகிப் பச்சைக் கண்ணாடியானது, அதில் கதிர்வீச்சு உண்டு. நம் சிட்டத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை, அலமாரியில் தாராளமாக வைக்கலாம்.

பொடியாக்குவது மட்டும் வேண்டவே வேண்டாம். கண்ணாடித் தூள் நுரையீரலுக்குப் போகும். எந்த உலையில் வந்தது என்று தெரியாத சிட்டத்தில் ஈயம் இருக்கவும் வாய்ப்புண்டு. மருந்து என்று வாயில் போடாதீர்கள், குழந்தைகள் கையில் கொடுக்காதீர்கள், மீன்தொட்டியிலும் போடாதீர்கள்.

கேள்வி: சந்தேகம் தீர யாரிடம் காட்டுவது?
– பலர்

பதில்: நிலவியல் துறை இருக்கும் கல்லூரிக்குப் போங்கள். சென்னை மாநிலக் கல்லூரி, திருச்சி நேஷனல் கல்லூரி, தூத்துக்குடி வ.உ.சி. கல்லூரி, சேலம் பெரியார் பல்கலைக்கழகம் ஆகிய இடங்களில் அந்தத் துறை உண்டு. கல்லில் ஒரு சின்னச் சில்லை மெலிதாக இழைத்து நுண்ணோக்கியில் குறுக்குப் போலராய்டுகளுக்கு (ஒன்றுக்கொன்று குறுக்காக வைத்த, ஒளியை வடிகட்டும் தகடுகள்) நடுவே வைத்துப் பார்ப்பார்கள், கண்ணாடி என்றால் மேடையை எப்படித் திருப்பினாலும் இருட்டாகவே இருக்கும், பெரிலோ குவார்ட்ஸோ என்றால் திருப்பத் திருப்ப ஒளியும் இருளும் மாறி மாறி வரும். போகும்போது கல்லை மட்டும் கொண்டுபோகாமல், அது கிடைத்த குழியின் மண்ணில் ஒரு பிடியையும், இடத்தின் படத்தையும் சேர்த்துக் கொண்டுபோங்கள்.