கிணற்று மேட்டில் நின்று ஒரு படம்

கேள்வி: என் மாமனார் வீடும் இரண்டரை ஏக்கர் நிலமும் மதுராந்தகம் பக்கம் இருக்கின்றன. பொங்கலுக்கும் மே மாத லீவுக்கும் போய்வருகிறோம். போனில் ஆயிரக்கணக்கில் படங்கள், எல்லாமே முகங்கள். வீடும் நிலமும் எப்படி மாறின என்று எதிலும் தெரியவில்லை. பிள்ளைகளுக்குக் காட்ட, இனி எப்படி எடுக்கலாம்?
– வாசகி, பெரம்பூர்

பதில்: முதலில் நிற்க ஓர் இடம் பாருங்கள். அப்புறம் அந்த இடத்தை மாற்றவே மாற்றாதீர்கள்.

எங்கள் ஊர் ஊத்துக்கோட்டை பக்கம். 1991-ல் மயிலாப்பூரில் ஒரு ஸ்டூடியோவில் வேலைக்குச் சேர்ந்த புதிது. பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது பிலிம் ரோலில் மூன்று படம் மிச்சம் இருந்தது. தீர்த்தால்தான் கழுவ முடியும். கிணற்று மேட்டில் ஏறி வீட்டைப் பார்த்து ஒன்று எடுத்தேன். திண்ணையில் அம்மா உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். அடுத்த பொங்கலுக்கும் அதே மேடு. அப்படியே பழகிவிட்டது.

இன்று அவற்றை வரிசையாக வைத்தால் ஓட்டுக்கூரை போய்த் தளம் வருகிறது. மாட்டு வண்டி நின்ற இடத்தில் பைக் நிற்கிறது. 2017 பொங்கல் படத்தில் வானம் திடீரென்று பெரிதாகிவிட்டது. முந்தின டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயலில் எங்கள் மாமரம் விழுந்திருந்தது. அம்மா திண்ணையிலிருந்து நாற்காலிக்கு மாறியது எந்த வருஷம் என்று எங்களில் யாருக்கும் நினைவில்லை, படத்தில் இருக்கிறது.

இதற்குப் பெரிய காட்சி வேண்டாம். கேமராவால் எடுத்து இன்றுவரை மிஞ்சியிருக்கும் மிகப் பழைய புகைப்படமே, பிரான்சில் நியெப்ஸ் என்பவர் தன் நாட்டுப்புற வீட்டு மாடி ஜன்னலிலிருந்து எடுத்ததுதான். 1826 அல்லது 1827. அவர் தினமும் பார்த்த கூரைகளும் சுவர்களும்தான் அதில் இருக்கின்றன.

போன் கேமராவின் ஜூமை 1x-லேயே வையுங்கள், 0.5-க்குப் போனால் ஓரங்கள் இழுபடும். வீட்டு மூலை, கிணற்றுத் தூண் என்று நகராத ஒன்று படத்துக்குள் இருக்கட்டும். போன வருஷப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அந்த மூலை அதே இடத்தில் வரும்வரை முன்னும் பின்னும் நகர்ந்து பாருங்கள். மூலப் படத்தை பத்திரமாக வையுங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கும், எடுத்த தேதியும் அதிலிருந்து போய்விடும். டாக்குமென்டாக அனுப்பினால் அப்படியே போகும்.

நீங்கள் போகும் காலத்தைத்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டும். தையில் சம்பா அறுவடைக்கு வந்துவிடும், மே மாதத்தில் நிலம் வெடித்துக் கிடக்கும். இந்த இரண்டை மட்டும் எடுத்தால், உங்கள் பிள்ளைகளின் ஊர் பச்சையே இல்லாத ஊராகிவிடும். ஐப்பசி கார்த்திகை மழையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்வாருங்கள். கால் சேறாகும், பரவாயில்லை.

ஆட்களை வரிசையாக நிற்கவைத்து எடுப்பது கல்யாணத்துக்குப் போதும். மாமனார் மோட்டார் போடும்போது எடுங்கள், மாமியார் அடுப்படியில் இருக்கும்போது எடுங்கள். நாற்று நட வரும் பெண்களைக் கேட்டுக்கொண்டு எடுங்கள். பெயரைக் குறித்துவைத்து, அடுத்த முறை போகும்போது ஒரு பிரதி கொடுங்கள்.

நான் தவறவிட்டது ஒன்று உண்டு. எங்கள் மோட்டார் கொட்டகையின் உள்சுவரில் அப்பா கரித்துண்டால் நெல் மூட்டைக் கணக்கு எழுதிவைப்பார். வருஷம், மூட்டை, யாருக்கு எவ்வளவு பாக்கி என்று சுவர் முழுக்க. வீட்டை அத்தனை வருஷம் எடுத்த நான், பத்தடி தள்ளியிருந்த அந்தச் சுவரை ஒருமுறைகூட எடுக்கவில்லை. ஒரு போகிக்கு வெள்ளையடித்துவிட்டார்கள். அப்பாவின் கையெழுத்து எங்களிடம் வேறெங்கும் இல்லை.

இந்தமுறை போனதும் மாமனாரோடு நிலத்தை ஒரு சுற்று சுற்றிவாருங்கள். எந்த மரத்தை யார் வைத்தது, வரப்பு முன்பு எங்கே இருந்தது என்று கேளுங்கள். அவர் கை நீட்டிக் காட்டும் இடங்களை எல்லாம் எடுங்கள், அவர் கையோடு சேர்த்தே.