அறுபது வயது வாட்ச்சுக்குப் புதுமுகம் எதற்கு?

கேள்வி: 1960-களின் ஒமேகா சீமாஸ்டர் வாட்ச் ஒன்று ஆன்லைனில் 18,000 ரூபாய்க்கு வந்திருக்கிறது. அடர்நீல டயல், புத்தம் புதிதுபோல் பளபளக்கிறது. ‘மிஷின் ஒரிஜினல், சர்வீஸ் செய்தது’ என்கிறார் விற்பவர். வாங்கலாமா? வீட்டில் அப்பாவின் ஃபேவர் லூபா சீ சீஃப் ஓடாமல் கிடக்கிறது. அதன் டயல் பழுப்பேறிவிட்டது. அதற்கும் புது டயல் போட்டுவிடலாமா? (ஈரோடு வாசகர்)

பதில்: ஒமேகாவை வாங்க வேண்டாம். அப்பாவின் வாட்ச்சுக்குப் புது டயலும் வேண்டாம்.

பழைய வாட்ச்சின் விலையில் பெரும்பங்கு டயலுக்குத்தான். கண்ணாடி, சாவி, பட்டை, மெயின் ஸ்பிரிங் ஆகியவை தேய்ந்து போகிற சாமான்கள். மாற்றியிருந்தால் யாரும் குறை சொல்லப் போவதில்லை. டயலை ஒருமுறை சுரண்டி வண்ணம் பூசிவிட்டால் பழையதைத் திரும்பக் கொண்டுவர வழியே கிடையாது. சேகரிப்பவர்கள் ஓரத்தில் புள்ளி விழுந்த, மஞ்சள் பூத்த அசல் டயலுக்கு மனமுவந்து பணம் தருவார்கள். கண்ணாடிபோல மின்னும் மறுபூச்சு டயலைப் பார்த்ததும் விலையைப் பாதியாக்கிவிடுவார்கள்.

டயலுக்குப் பெயின்ட் அடிப்பது நம் ஊரில் நீண்ட காலம் நேர்மையான ரிப்பேர் வேலையாகத்தான் இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். வெயிலும் வியர்வையும் ஈரக்காற்றும் டயலைக் கெடுத்துவிடும். வெளிநாட்டுப் பொருள்களின் இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடு இருந்த நாள்களில் அசல் உதிரிபாகம் கிடைப்பதும் அரிது. கல்யாணத்துக்குப் போட்ட வாட்ச் மங்கினால் பூசித் தரச் சொல்வார்கள், கடைக்காரரும் பூசித் தருவார். அதில் தவறில்லை. பூசியதைக் ‘கை படாத அசல்’ என்று விற்கும்போதுதான் ஏமாற்று ஆரம்பிக்கிறது. மும்பையிலிருந்து இப்படி வண்ண வண்ணமாக வெளியே போன சீகோ 5 என்ற ஜப்பான் வாட்ச்சுகளுக்கு உலகச் சேகரிப்பாளர்கள் ‘மும்பை ஸ்பெஷல்’ என்று பட்டப்பெயரே வைத்துவிட்டார்கள். பெருமைப்படும்படியான பெயர் அல்ல.

நீங்கள் பார்த்த ஒமேகாவுக்கு வருவோம். 1960-களின் சீமாஸ்டர் டயல்களில் அதிகம் காணப்படுவது வெள்ளி நிறம்தான். அடர்நீலத்தைக் கண்டாலே போலி என்று சொல்லிவிட முடியாது, ஆனால் சந்தேகப்பட அது போதும். பகல் வெளிச்சத்தில் எடுத்த பெரிய படம் கேளுங்கள். முதலில் ஆறு மணிக்குக் கீழே, விளிம்பை ஒட்டியுள்ள ‘ஸ்விஸ் மேட்’ எழுத்தைப் பாருங்கள். அசலில் அது மெலிந்து, கூர்மையாக, ஓரத்தோடு வளைந்து போகும். மறுபூச்சில் தடித்திருக்கும், நடுவிலிருந்து விலகியிருக்கும், சில நேரம் இருக்கவே இருக்காது. அடுத்து நிமிடக் கோடுகள். மணி காட்டும் உலோகத் துண்டுகளின் நடுவுக்கு அவை நேராக வர வேண்டும். பெரும்பாலான சீமாஸ்டர்களில் ஒமேகா சின்னமும் தனி உலோகத் துண்டாகப் பதித்ததுதான். அந்த இடத்தில் அச்சு மட்டும் இருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

ஒளிரும் பூச்சு இருக்கிற வாட்ச்சுகளில் இன்னொரு சோதனை உண்டு. 1960-களின் தொடக்கம்வரை ரேடியம் என்ற கதிரியக்கப் பொருள் பயன்பட்டது. அதன் பிறகு 1990-கள்வரை டிரிட்டியம், அதுவும் கதிரியக்கப் பொருள்தான். டிரிட்டியத்தின் அரை ஆயுள் (பாதியாகக் குறைய ஆகும் காலம்) 12 ஆண்டுக்குச் சற்று அதிகம், ஆகவே அந்தக் காலப் பூச்சில் இன்று மிச்சம் இருப்பது மிகச் சொற்பம். ரேடியத்தின் கதை வேறு. அதன் அரை ஆயுள் 1,600 ஆண்டு, கதிர்வீச்சு இன்னும் இருக்கிறது, ஒளிரும் ரசாயனம்தான் செத்துவிட்டது. இரண்டிலுமே டார்ச் அடித்தால் சில நொடி மினுங்கி அணையலாம். இரவு முழுக்க ஒளிர்ந்தால் அது பின்னாளில் யாரோ வைத்த பூச்சு. ரேடியம் டயலை வீட்டில் நீங்களாகத் திறந்து சுரண்டிப் பார்க்காதீர்கள், அந்தத் தூள் மூச்சில் போனால் ஆபத்து.

இனி உள்ளே. பின்மூடியைத் திறந்து மிஷினையும் மூடியின் உட்புறத்தையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ‘திறக்க முடியாது, டூல் இல்லை’ என்றால் பேச்சை அத்தோடு முடித்துக்கொள்ளலாம். சர்வீஸ் செய்ததாகச் சொல்பவரிடம் திறக்க டூல் எப்படி இல்லாமல் போகும்? அந்தக் கால ஒமேகா மிஷின் செம்பு நிறத்தில் இருக்கும். அதில் கேலிபர் எண்ணும் (மிஷினின் மாடல் எண்) வரிசை எண்ணும் பொறித்திருக்கும். வரிசை எண் 2 கோடியை ஒட்டி இருந்தால் 1960-களின் முற்பகுதி என்று கொள்ளலாம். 1960-களின் பல மாடல்களில் மூடியின் உட்புறத்தில் 166 என்று தொடங்கும் எண் தேதி காட்டும் ஆட்டோமேட்டிக்கை, அதாவது கை அசைவில் தானாகச் சாவி ஏறும் வகையைக் குறிக்கும். 165 தேதி இல்லாத ஆட்டோமேட்டிக், 135 கையால் சாவி கொடுக்கும் வகை. மூடி 166 என்கிறது, டயலில் தேதிக் கட்டமே இல்லை என்றால் இரண்டு மூன்று வாட்ச்சுகளின் பாகங்களைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறார்கள். ‘மிஷின் ஒரிஜினல்’ என்ற வாக்கியம் அப்போதும் பொய்யாகாது. மிஷினைத் தவிர வேறெதற்கும் அவர் உத்தரவாதம் தரவில்லை என்பதைக் கவனியுங்கள்.

கேஸையும், அதாவது வாட்ச்சின் வெளிக்கூட்டையும் பாருங்கள். பஃபிங் (தேய்த்துப் பளபளப்பாக்குவது) அதிகம் செய்திருந்தால் பட்டை மாட்டும் கொம்புகளின் விளிம்பு மழுங்கியிருக்கும். பல சீமாஸ்டர்களின் பின்மூடியில் பாதி குதிரை, பாதி மீனாக ஒரு சின்னம் உண்டு. அது தேய்ந்து நிழலாகத் தெரிந்தால் கேஸ் நிறைய உலோகத்தை இழந்திருக்கிறது. எல்லாம் அசலாக, டயலும் நல்ல நிலையில் உள்ள சீமாஸ்டர் 18,000 ரூபாய்க்குச் சாதாரணமாகக் கிடைக்காது. இரண்டு மூன்று மடங்காவது எடுத்துவைக்க வேண்டும்.

அவ்வளவு பணம் இப்போது இல்லையென்றால் எச்எம்டியில் தொடங்குங்கள். ஜப்பானின் சிட்டிசனோடு கைகோத்து 1961-இல் பெங்களூரில் வாட்ச் தயாரிக்கத் தொடங்கிய நிறுவனம் அது. வாட்ச் பிரிவை மூட மத்திய அரசு 2016-இல் முடிவெடுத்தது. அதன் ஜனதா, பைலட் போன்ற மாடல்களில் இருப்பவை எளிய 17 ஜூவல் (தேய்மானத்தைக் குறைக்கும் கற்கள்) மிஷின்கள். பழைய வாட்ச் கடைக்காரர்களுக்கு அவை அத்துப்படி, உதிரிபாகமும் கிடைக்கிறது. மறுபூச்சுத் தொல்லை இங்கும் உண்டு. ஆரஞ்சு, கிளிப்பச்சை பைலட்களையும் ராணுவ முத்திரை போட்ட டயல்களையும் நம்பிக் கூடுதல் பணம் தராதீர்கள்.

அப்பாவின் சீ சீஃப்தான் உங்களிடம் இருப்பதிலேயே நல்ல வாட்ச் என்று நினைக்கிறேன். ஃபேவர் லூபா 1737-இல் ஸ்விட்சர்லாந்தில் வேர்விட்ட பெயர். 19-ஆம் நூற்றாண்டிலேயே பம்பாயில் கடை போட்டவர்கள். யார் வாங்கியது, யார் கட்டியது என்று உங்களுக்குத் தெரியும். விற்பனைக்கு வரும் எந்த வாட்ச்சிலும் இந்த உறுதி கிடைக்காது. ஓடாததற்குப் பெரும்பாலும் காரணம் உள்ளே காய்ந்துபோன எண்ணெய்தான். கட்டாமல் வைத்திருந்தாலும் எண்ணெய் காயும். ‘ஓடுகிறதா பார்ப்போம்’ என்று திரும்பத் திரும்பச் சாவி கொடுக்காதீர்கள், காய்ந்த மிஷினில் பற்கள் தேயும்.

மிஷினை முழுக்கப் பிரித்துக் கழுவி எண்ணெய் போடுபவரிடம் கொடுங்கள். பெட்ரோலில் முக்கி எடுத்துத் தருபவர் வேண்டாம். கொடுக்கும் முன் டயலையும் மிஷினையும் படம் எடுத்துவையுங்கள். மூன்று விஷயங்களை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள்: டயலைத் தொடக்கூடாது, கேஸைப் பஃப் செய்யக்கூடாது, மாற்றிய பழைய பாகங்களைத் திருப்பித் தர வேண்டும். டயல் மேலுள்ள தூசியை ஊதுபந்தால் ஊதினால் போதும். துணியோ தண்ணீரோ பட்டால் எழுத்தே கையோடு வந்துவிடும். ஓட ஆரம்பித்த பிறகும் கை கழுவும்போது கழற்றி வையுங்கள். பின்மூடியில் ‘வாட்டர்புரூஃப்’ என்று எழுதியிருந்தாலும்கூட.