வகுப்பில் சமர்த்து, வீட்டில் அழுகை: பள்ளியிடம் என்ன கேட்பது?

வாசகர் கடிதம்

மதிப்பிற்குரிய ஆலோசகர் அவர்களுக்கு, வணக்கம்.

என் மகளுக்கு ஒன்பது வயது. நான்காம் வகுப்பு படிக்கிறாள். ஆட்டிசம் இருப்பது சென்ற ஆண்டு மதிப்பீட்டில் உறுதியானது. நன்றாகப் பேசுவாள், நிறையப் படிப்பாள். எறும்புகளைப் பற்றிக் கேட்டால் நாள் முழுக்கச் சொல்லுவாள். வகுப்பில் அவளால் யாருக்கும் ஒரு தொல்லையும் கிடையாது. சொன்ன இடத்தில் உட்காருவாள், கொடுத்த வேலையை முடித்துவிடுவாள்.

அறிக்கையை எடுத்துக்கொண்டு வகுப்பாசிரியையைப் பார்க்கப் போனேன். "இவளுக்கா? எல்லாரும் இவளை மாதிரி இருந்தால் எனக்கு வேலையே இல்லையே" என்றார். தலைமையாசிரியரும் கிட்டத்தட்ட அதையேதான் சொன்னார். படிப்பில் பின்தங்கியவர்களையும் வகுப்பில் கத்துகிறவர்களையும் பார்க்கவே சிறப்பு ஆசிரியருக்கு நேரம் போதவில்லையாம்.

இடைவேளை மணி அடித்ததும் என் மகள், "போர்டை நான் துடைக்கிறேன் மிஸ்" என்று கேட்டு வாங்கிக்கொள்கிறாள். துடைத்த போர்டையே திரும்பத் துடைப்பாளாம். வெளியே போனால் யாரோடு போய் நிற்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. மற்ற பெண்கள் விளையாட்டின் நடுவில் விதியை மாற்றுவார்கள். "முதல்ல அப்படிச் சொல்லலையே" என்று இவள் நிற்பாள். அதற்குள் அவர்கள் வேறு பக்கம் ஓடியிருப்பார்கள். குழுவாகச் சேரச் சொன்னால் கடைசியில் மிச்சம் நிற்பவள் இவள்தான்.

வீட்டுக்கு வந்து ஷூவைக் கழற்றியதும் ஆரம்பிக்கும். சாக்ஸின் தையல் குத்துகிறது என்று தொடங்கி, அழுது கத்தி ஓய்ந்து, மேஜைக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வாள். விடுமுறை முடிகிற அன்று மாலை தவறாமல் வயிற்றுவலி. இதையெல்லாம் சொன்னால், நாங்கள் செல்லம் கொடுத்துக் கெடுக்கிறோம் என்று பள்ளியில் நினைக்கிறார்கள். சமீபத்தில் ஒருநாள் கேட்டாள்: "எப்படி விளையாடுறதுன்னு அவங்களுக்கெல்லாம் யாரும்மா சொல்லிக்கொடுத்தாங்க?" எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

பள்ளியிடம் எதை, எப்படிக் கேட்பது? கேட்டால் பிள்ளைக்கு முத்திரை குத்திவிடுவார்களோ என்றும் பயமாக இருக்கிறது.

– ஒரு தாய்

ஆலோசகர் பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

பள்ளியில் ஒரு மாதிரி, வீட்டில் ஒரு மாதிரி என்று நீங்கள் எழுதியிருப்பது செல்லம் கொடுத்ததால் வந்தது இல்லை. ஆட்டிசம் உள்ள பல பிள்ளைகள் சுற்றியிருப்பவர்களைக் கூர்ந்து கவனித்து, அவர்களைப் போலவே நடந்துகொள்ளப் பழகிவிடுகிறார்கள். மாஸ்கிங் என்று இதைச் சொல்கிறோம். எப்போது சிரிப்பது, எவ்வளவு நேரம் எதிராளியின் முகத்தைப் பார்ப்பது, கையை எங்கே வைத்துக்கொள்வது என்று மற்றவர்களுக்குத் தானாக வருவதையெல்லாம் உங்கள் மகள் ஒவ்வொன்றாக யோசித்துச் செய்கிறாள். அதோடு பாடமும் படிக்கிறாள். நாள் முழுக்க அடக்கி வைத்தது, பயமில்லாத இடத்துக்கு வந்ததும் வெளியே வருகிறது. அதனால்தான் ஷூவைக் கழற்றுகிற நேரத்தில் அந்த அழுகை.

இது பெண் பிள்ளைகளிடம் அதிகம். ஆட்டிசம் உள்ளவர்களில் ஆண்கள் நான்கு பேர் என்றால் பெண் ஒருவர் என்றுதான் நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். 2017-இல் 54 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது விகிதம் மூன்றுக்கு ஒன்று என்பதற்கு அருகில் வந்தது. பெண் பிள்ளைகள் பலர் கண்ணில் படாமலே போகிறார்கள் என்பது அந்த ஆய்வாளர்களின் முடிவு. பெரியவர்களிடம் செய்த ஆய்வுகளில், அதிகமாக மாஸ்கிங் செய்கிறவர்களிடம் பதற்றமும் மனச்சோர்வும் கூடுதலாகக் காணப்பட்டிருக்கின்றன. ஆகவே "இப்போதைக்குச் சமாளிக்கிறாளே, அப்புறம் பார்ப்போம்" என்று பள்ளி சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

வகுப்பாசிரியை பொய் சொல்லவில்லை. அவர் பார்க்கிற இடத்தில் அவள் சமர்த்தாகத்தான் இருக்கிறாள். "இந்தப் பிள்ளையால் என்ன தொல்லை?" என்று பள்ளி பார்க்கிறது. "இந்த ஒரு நாளைக் கடத்த இந்தப் பிள்ளை என்ன பாடு படுகிறாள்?" என்பதைப் பார்க்க வைப்பதுதான் உங்கள் வேலை. மனநலப் பிரச்சினைகளைக் கண்டறிய மருத்துவர்கள் பயன்படுத்தும், 2013-இல் வந்த டி.எஸ்.எம்.-5 கையேட்டில் ஆட்டிசத்துக்கான முதல் அளவுகோலே சமூகத் தொடர்பில் உள்ள சிரமம்தான். மதிப்பெண்ணும் ஒழுக்கமும் அதில் அளவுகோலாக இல்லை. நன்றாகப் படிக்கிறாள் என்பதால் உதவி வேண்டாம் என்றால், கால் வலிக்கிறது என்று வந்தவரிடம் கண் நன்றாகத் தெரிகிறதே என்று சொல்வது மாதிரி. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய 2006-ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கையும், அந்தந்தப் பிள்ளையின் தேவைக்கேற்பக் கல்வியில் வசதிகள் செய்து தர வேண்டும் என்று 24-ஆம் பிரிவில் சொல்கிறது. பெரும்பாலான நாடுகள் இதை ஏற்றிருக்கின்றன. தலைமையாசிரியரிடம் சண்டைக்குப் போகிற தொனியில் இதைச் சொல்ல வேண்டாம். எடுத்த எடுப்பில் "பாவம், பரிதாபம்" என்றும் கெஞ்ச வேண்டாம்.

போகும்போது கையில் எழுத்தாகக் கொண்டுபோங்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு நோட்டில் குறித்துவையுங்கள்: அன்றைக்குப் பள்ளியில் என்ன இருந்தது, வீட்டுக்கு வந்ததும் என்ன நடந்தது, அவள் என்ன சொன்னாள். குழுவேலை இருந்த நாளிலும் விளையாட்டு பீரியட் இருந்த நாளிலும் அழுகை கூடினால் அது தாளிலேயே தெரிந்துவிடும். மதிப்பீடு செய்தவரிடம், இவள் மாஸ்கிங் செய்கிறாள், அதனால் வகுப்பில் பார்ப்பது முழுப் படம் இல்லை என்று ஒரு பக்கக் கடிதம் வாங்குங்கள். அழும்போது வீடியோ எடுத்து ஆசிரியரிடம் காட்டச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு கிடையாது. அவள் நம்பி உடைகிற ஒரே இடம் உங்கள் வீடு. அதைப் பள்ளிக்குக் காட்சியாகக் கொண்டுபோகக் கூடாது.

முதல் கோரிக்கை எளிது. வகுப்பில் வேண்டாம், இடைவேளையில் அவளை யாராவது சில நாட்கள் தள்ளி நின்று பார்க்கட்டும். எங்கே நிற்கிறாள், யாரிடம் போகிறாள், யார் அவளிடம் வருகிறார்கள் என்று மட்டும். போர்டு துடைப்பதைப் பொறுப்புணர்ச்சி என்று நினைத்துக்கொண்டிருக்கும் ஆசிரியை, அது ஒளிந்துகொள்ளும் இடம் என்பதைத் தானே கண்டுபிடித்தால் நீங்கள் வாதாடவே தேவையில்லை.

அப்புறம் கேட்க வேண்டியது இடைவேளைக்கு ஓர் ஒழுங்கு. ஆட்டிசம் உள்ள பல பிள்ளைகளுக்கு இடைவேளையைவிடப் பாடவேளை சுலபம், யார் என்ன செய்ய வேண்டும் என்று அங்கே தெரியும். விதியே இல்லாத இடைவேளைதான் கஷ்டம். வாரத்தில் சில நாளாவது இரண்டு மூன்று பிள்ளைகளோடு, வேலை பிரித்துக்கொடுத்த ஒரு செயல்பாடு இருக்கட்டும். டேனியல் லெகாஃப் என்ற உளவியலாளர் 2004-இல் வெளியிட்ட லெகோ (ஒன்றோடொன்று பொருத்திக் கட்டும் விளையாட்டுக் கட்டைகள்) முறையில் ஒரு பிள்ளை வரைபடத்தைப் படித்துச் சொல்லும், இன்னொன்று வேண்டிய கட்டையைத் தேடிக் கொடுக்கும், மூன்றாவது கட்டும். பிறகு மாறிக்கொள்வார்கள். பேசினால்தான் வேலை நடக்கும், எதற்குப் பேசுகிறோம் என்பதும் தெளிவாகத் தெரியும். லெகோதான் வேண்டும் என்பதில்லை. பள்ளித் தோட்டத்து எறும்புப் புற்றுகளைப் பார்த்துக் குறிப்பெடுக்கும் ஒரு சின்னக் குழு என்றால் உங்கள் மகள் அங்கே மிச்சம் நிற்க மாட்டாள். மற்றவர்கள்தான் அவளைத் தேடி வருவார்கள்.

குழு பிரிக்கும் வேலையை ஆசிரியையே செய்யட்டும். "நீங்களே சேர்ந்துகொள்ளுங்கள்" என்ற ஒரு வாக்கியம் இந்தப் பிள்ளைகளை எவ்வளவு நோகடிக்கிறது என்று பல ஆசிரியர்களுக்குத் தெரிவதில்லை. சொன்னால் உடனே மாற்றிக்கொள்வார்கள். செலவே இல்லாத உதவி இது. திணறும்போது வாயைத் திறக்காமல் காட்டுவதற்கு ஒரு அட்டை, காட்டினால் போய் உட்கார ஒரு அமைதியான இடம், போய்ச் சொல்ல ஒரு பெரியவர் ஆகியவற்றையும் கேளுங்கள். ஆனால் அந்த இடமே அவளுடைய நிரந்தர இடைவேளையாக ஆகிவிடக் கூடாது.

நான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்புவது, மற்ற பிள்ளைகளுக்கும் கற்றுக்கொடுக்கச் சொல்லுங்கள். கோனி கசாரி என்ற ஆய்வாளரும் அவர் குழுவினரும் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், சாதாரண வகுப்புகளில் படிக்கும் ஆட்டிசம் உள்ள 60 பிள்ளைகள் இருந்தார்கள். சிலருக்கு மட்டும் தனியாகப் பழகும் திறன்களைச் சொல்லிக்கொடுத்தார்கள். வேறு சிலருடைய வகுப்புத் தோழர்களுக்கு, ஒதுங்கி நிற்கும் பிள்ளையை எப்படிச் சேர்த்துக்கொள்வது என்று சொல்லிக்கொடுத்தார்கள். தோழர்களுக்குக் கற்றுக்கொடுத்ததுதான் கூடுதல் பலன் தந்தது. இப்போது உங்கள் மகளிடம் மட்டும் "நீ போய்ப் பேசு, நீ சிரி" என்று சொல்லிக்கொண்டிருந்தால், அவள் இன்னும் திறமையாக நடிக்கத்தான் பழகுவாள்.

அவள் கேட்ட கேள்விக்கு உண்மையையே சொல்லுங்கள்: யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, அவர்களுடைய மனம் ஒரே மாதிரி ஓடுவதால் ஒருவரை ஒருவர் சட்டென்று புரிந்துகொள்கிறார்கள். உன் மனம் வேறு மாதிரி ஓடுகிறது. அவர்களுக்கும் உன்னைப் புரியவில்லை. தானும் ஆட்டிசம் உள்ளவரான ஆய்வாளர் டேமியன் மில்டன் 2012-இல் எழுதியதும் இதைத்தான், புரியாமை இரண்டு பக்கமும் இருக்கிறது. தனக்கு ஆட்டிசம் இருப்பது அவளுக்குத் தெரியுமா என்று நீங்கள் எழுதவில்லை. தெரியாவிட்டால் அவளுக்குப் புரிகிற வார்த்தையில் சொல்லிவிடுங்கள். காரணம் தெரியாமல் தன்னிடம் ஏதோ குறை என்று நினைத்துக்கொண்டிருப்பதைவிட அது நல்லது.

முத்திரை பற்றிய உங்கள் பயம் நியாயமானது. பெயர் எதுவும் வைக்காவிட்டாலும் பிள்ளைகள் தாங்களாகவே ஒரு பெயர் வைப்பார்கள், "ஒரு மாதிரி" என்று. ஆசிரியர்களுக்கு விஷயம் தெரிந்தே ஆக வேண்டும். வகுப்புத் தோழர்களுக்குச் சொல்வது அவள் சம்மதித்தால் மட்டும். ஒதுங்கி நிற்பவரை எப்படிச் சேர்த்துக்கொள்வது என்பதை அவள் பெயரைச் சொல்லாமலே எல்லாருக்கும் சேர்த்துக் கற்றுக்கொடுக்கலாம்.

பள்ளி முடிந்து வந்ததும் "இன்னைக்கு யாரோடு விளையாடினே?" என்று கேட்காதீர்கள். சிறிது நேரம் எந்தக் கேள்வியும் வேண்டாம். மேஜைக்கு அடியில் ஒரு தலையணையைப் போட்டுவையுங்கள். நிறையத் தோழிகள் வேண்டும் என்ற கணக்கையும் விட்டுவிடலாம், மனசுக்குப் பிடித்த ஒருத்தி கிடைத்தால் போதும். வயிற்றுவலி பள்ளிக்கே போக மாட்டேன் என்ற நிலைக்கு வந்தாலோ, தூக்கமும் சாப்பாடும் குறைந்தாலோ, தாமதிக்காமல் குழந்தைகள் மனநல மருத்துவரைப் பாருங்கள்.

பள்ளியில் பேசி முடித்த அன்றே, யார் எதைச் செய்வதாக ஒப்புக்கொண்டார்கள் என்று தலைமையாசிரியருக்கு நன்றி சொல்லி ஒரு கடிதம் அனுப்புங்கள். ஒரு மாதம் கழித்து எந்தத் தேதியில் திரும்பச் சந்திப்பது என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள்.