சீக்கிரம் வயதுக்கு வந்தால் பெண் குழந்தையின் வளர்த்தி நின்றுவிடுமா?

மகளுக்கு ஏழரை வயது, மார்பு அரும்பத் தொடங்கியிருக்கிறது, உயரம் 131 செ.மீ., வகுப்பிலேயே அவள்தான் நெட்டை; சீக்கிரம் வயதுக்கு வந்தால் வளர்த்தி நின்றுவிடும் என்கிறார்களே, ஆனால் இவள் நன்றாகத்தானே வளர்கிறாள் என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் மருத்துவர் இல்லை. ஆனால் இதே குழப்பத்தில் இரண்டு முறை இருந்திருக்கிறேன், ஒரு முறை மகளாக, ஒரு முறை அம்மாவாக.

மூன்றாம் வகுப்புக் குழுப் படத்தில் நான் பின்வரிசையில், ஆசிரியையின் தோளுக்குச் சமமாக நிற்கிறேன். எட்டாம் வகுப்புப் படத்தில் முன்வரிசையில் உட்கார வைத்திருக்கிறார்கள். ஒன்பதரை வயதில் எனக்கு மாதவிடாய் வந்தது. அப்போது 142 செ.மீ. இருந்தேன், இன்று 149. என் அப்பா 172, அம்மா 160. பெண் குழந்தை எவ்வளவு உயரம் வருவாள் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு: அப்பாவின் உயரத்தில் 13 செ.மீ. கழித்து, அம்மாவின் உயரத்தைக் கூட்டி, இரண்டால் வகுக்க வேண்டும். எனக்கு 159.5 வருகிறது. இது எட்டு ஒன்பது செ.மீ. முன்னே பின்னே போகிற கணக்குதான், அதனால் மொத்தக் குறையையும் சீக்கிரம் பூப்படைந்ததன் தலையில் கட்ட மாட்டேன். ஆனால் நான் மளமளவென்று வளர்ந்த அந்த இரண்டு வருடமும் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷமாக இருந்தது. யாருக்கும் சந்தேகமே வரவில்லை. உங்கள் கேள்வியின் கடைசிப் பகுதியைப் படித்ததும் எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது.

கை, கால் எலும்புகளின் நுனிக்கு அருகே குருத்தெலும்பால் ஆன ஒரு மெல்லிய அடுக்கு இருக்கிறது. வளர்ச்சித் தட்டு என்பார்கள். அங்கே செல்கள் பெருகி, பருத்து, பிறகு எலும்பாக மாறுகின்றன. எலும்பு நீள்வது இப்படித்தான். அந்தச் செல்கள் எத்தனை முறை வேண்டுமானாலும் பெருகிக்கொண்டே இருக்க முடியாது, ஓர் அளவு உண்டு. பூப்புக் காலத்தில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் இரண்டு வேலை செய்கிறது. வளர்ச்சி ஹார்மோனைக் கூட்டி உயரத்தை வேகப்படுத்துகிறது. கூடவே அந்தத் தட்டைச் சீக்கிரம் முதிர வைத்து, கடைசியில் எலும்பாக மூடியும் விடுகிறது. திரியைத் தூண்டிவிட்ட விளக்கு மாதிரி. வெளிச்சம் அதிகம், எண்ணெய் சீக்கிரம் தீர்ந்துவிடும். அதனால்தான் ஏழு வயதில் நெட்டையாக இருப்பவள் பதினான்கில் குட்டையாகத் தெரிகிறாள்.

ஆண்களுக்கும் தட்டை மூடுவது ஈஸ்ட்ரோஜன்தான் என்பது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ஈஸ்ட்ரோஜனை உணரும் ஏற்பியே வேலை செய்யாத ஒருவரைப் பற்றி 1994-ல் ஒரு மருத்துவ அறிக்கை வந்தது. அவருக்கு வயது 28, உயரம் 204 செ.மீ., எலும்பு வயதோ 15. தட்டுகள் மூடாததால் அவர் இன்னும் வளர்ந்துகொண்டிருந்தார்.

இந்த எலும்பு வயது என்பதைத்தான் நீங்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். இடது கையையும் மணிக்கட்டையும் ஒரு எக்ஸ்ரே எடுத்து, எந்தெந்தச் சிறு எலும்புகள் தோன்றியிருக்கின்றன, தட்டுகள் எவ்வளவு திறந்திருக்கின்றன என்று மாதிரிப் படங்களோடு ஒப்பிடுவார்கள். உங்கள் மகளுக்கு ஏழரை வயது, எலும்புக்கும் எட்டு என்றால் பதற ஒன்றுமில்லை. எலும்புக்குப் பத்து என்றால், அவளுடைய 131 செ.மீ. ஏழு வயதுக்காரியின் உயரம் இல்லை, பத்து வயதுக்காரியின் உயரம். அப்படிப் பார்த்தால் அவள் நெட்டையே இல்லை.

இன்னொன்று. பலர் மாதவிடாய் வந்த பிறகுதான் டாக்டரிடம் போகிறார்கள். மாதவிடாய் இந்தக் கதையின் ஆரம்பம் இல்லை, ஏறக்குறைய முடிவு. மார்பு அரும்பி இரண்டு, இரண்டரை வருடம் கழித்துத்தான் பொதுவாக அது வரும். வேகமான வளர்ச்சியெல்லாம் அதற்கு முன்பே நடந்துவிடும். பிறகு மிச்சம் இருப்பது பெரும்பாலும் ஐந்திலிருந்து ஏழு செ.மீ. தான். எனக்குக் கிடைத்த ஏழும் அதுதான். எட்டு வயதுக்கு முன் மார்பு அரும்பினால் காட்ட வேண்டும் என்பது மருத்துவ வழக்கம். நீங்கள் சரியான நேரத்தில் கேட்டிருக்கிறீர்கள்.

அதற்காக, சீக்கிரம் ஆரம்பித்த எல்லோரும் குட்டையாகப் போவதில்லை. என் மகளுக்கும் ஏழே முக்கால் வயதில் ஆரம்பித்தது. என் கதை திரும்பப் போகிறது என்று நான் இரண்டு இரவு தூங்கவில்லை. குழந்தைகளுக்கான ஹார்மோன் மருத்துவரிடம் போனோம். எலும்பு வயது எட்டரை, ரத்தத்தில் எல்.எச். (பூப்பைத் தூண்டும் ஹார்மோன்) குறைவு. பூப்பை நிறுத்திவைக்கும் ஊசியைப் பற்றி நான்தான் நச்சரித்தேன். அவர், "அவசரப்படாதீங்கம்மா, நாலு மாதம் கழித்து வாங்க, வேகத்தைப் பார்க்கலாம்" என்றார். அடுத்த ஒரு வருடத்தில் அவள் வளர்ந்தது 6 செ.மீ., அந்த வயதுக்குச் சாதாரண வேகம். மார்பு ஏறக்குறைய அப்படியே இருந்தது. பதினோரு வயதில் மாதவிடாய் வந்தது, இப்போது பதினான்கு வயதில் 156 செ.மீ. ஊசியே போடவில்லை. இப்படி மெதுவாகப் போகும் வகைக்குச் சிகிச்சை கொடுத்தாலும் உயரத்தில் பெரிதாக எதுவும் கூடாது. சில குழந்தைகளுக்கு மார்பு மட்டும் அரும்பி அதோடு நின்றுவிடும். சிலருக்கு அக்குள், அந்தரங்க முடியும் வியர்வை வாடையும் மட்டும் வரும். அது பெரும்பாலும் அட்ரினல் சுரப்பியின் வேலை, முழுப் பூப்பு இல்லை. குண்டான குழந்தைகளுக்கு வெறும் கொழுப்பே மார்பு மாதிரித் தெரியலாம், தொட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

சரி, வேகமாகப் போகிறது என்றால்? ஊசி இருக்கிறது. லூப்ரோலைட், ட்ரிப்டோரெலின் போன்ற மருந்துகளை மாதம் ஒருமுறை அல்லது மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடுவார்கள். பூப்பைத் தொடங்கச் சொல்லி, மூளையிலிருந்து அதன் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பிக்கு வரும் கட்டளை இயல்பாக விட்டுவிட்டு வரும். அப்படி வந்தால்தான் அந்தச் சுரப்பி காது கொடுக்கும். இந்த மருந்து ஓயாமல் தட்டிக்கொண்டே இருப்பதால் பிட்யூட்டரி காதை மூடிக்கொள்கிறது. முதல் சில வாரம் அறிகுறிகள் கொஞ்சம் கூடவும் செய்யலாம், பிறகு அடங்கும். அப்போது குழந்தை வளரும் வேகமும் குறையும். ஊசி போட்டும் வளரவில்லையே என்று பெற்றோர் பயப்படுவது இங்கேதான். எலும்பு முதிர்வதை நிறுத்திவைத்து வளர்வதற்குக் காலம் வாங்குவதுதான் நோக்கம், வேகம் இல்லை. பெரும்பாலும் பதினோரு வயதை ஒட்டி நிறுத்துவார்கள், ஒன்று ஒன்றரை வருடத்தில் மாதவிடாய் வந்துவிடும். உயரத்தில் அதிகப் பலன் ஆறு வயதுக்குள் தொடங்கியவர்களுக்கு. ஆறுக்கும் எட்டுக்கும் இடையில் குழந்தையைப் பொறுத்தது. எட்டைத் தாண்டித் தொடங்கினால் உயரத்துக்காக என்று சொல்வது கடினம்.

தலைவலி, பார்வைக் கோளாறு, மார்பு அரும்பாமலே ரத்தப்போக்கு, உடலில் பெரிய பழுப்புத் திட்டுகள், அல்லது ஆறு வயதுக்கு முன்பே ஆரம்பம் என்றால் காத்திருக்காமல் உடனே போங்கள். பெண் குழந்தைகளில் பெரும்பாலும் காரணம் எதுவும் கண்டுபிடிக்க முடியாது. ஆனாலும் இந்த அறிகுறிகள் உள்ளவர்களுக்கு மூளை ஸ்கேனோ வேறு சோதனைகளோ தேவைப்படலாம்.

உயரம் கூட்டும் பவுடர், தொங்குவது, குதிப்பது எதுவும் மூடிய தட்டைத் திறக்காது. என்னைத் தொங்க விட்டிருக்கிறார்கள், கை வலித்ததுதான் மிச்சம்.

உங்கள் கேள்வியில் 131 என்ற எண் இருக்கிறது, போன வருடம் எவ்வளவு என்பது இல்லை. தடுப்பூசி அட்டை, பள்ளியில் எடுத்த அளவு, சுவரில் கிழித்த பென்சில் கோடு, எங்கேயாவது இருக்கும். தேதியோடு எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். டாக்டர் முதலில் அதைத்தான் கேட்பார்.